ஆலங்குடாவில் ஒரு மேசையும் ஒரு கோப்பையும்

பிரயாணஞ் செய்வோர் பல திறத்தினர். தலயாத்திரை செல்வோர் ஒருசாரார். வாணிகம் நாடிச் செல்வோர் மற்றொருசாரார். ஓய்வு வேண்டிக் கடற்கரைக்கும் மலைநாட்டுக்கும் செல்வோர் இன்னொருசாரார். 2020ஆம் ஆண்டின் கொள்ளைநோய்க் காலத்துக்குப் பின்னர் இவர்களோடு வேறொரு கூட்டமும் பெருகியுள்ளது. ஓய்வெடுக்கச் செல்லும்போதே தொழிலையும் உடன்கொண்டு செல்வோர் அக்கூட்டத்தினர். மடிக்கணினி ஒன்றும் இணையத் தொடர்பும் வாய்த்துவிட்டால், ரொறன்ரோ நகரக் காரியாலயத்தின் வேலையை யாழ்ப்பாணத்து வீட்டுத் திண்ணையிலிருந்தும் செய்யலாம்; இலண்டன் மாநகரக் கணக்கைக் கடலோரத் தென்னை நிழலிலிருந்தும் பார்க்கலாம். இத்தகையோர் அயலூர் ஒன்றிற் காலடி வைத்ததும் முதலிற் கேட்கும் கேள்வி, "இங்கே இருந்து வேலை செய்யத்தக்க நல்ல கோப்பிக் கடை எது?" என்பதேயாம்.

கேட்பதற்குச் சிறிய கேள்வி. ஆயினும் அதற்கு விடை தேடிப் புறப்படுபவன், அவ்வூரின் காற்றையும் வெயிலையும், தொழிலையும் வழிபாட்டையும், பட்ட துயரையுங்கூட அறிந்தே திரும்புவான். சென்ற தை மாதத்தில் நாம் புத்தளம் மாவட்டத்து ஆலங்குடாக் கடற்கரையில் ஐந்து நாள் தங்கியபோது இதனைக் கண்டோம். கனடாவிலிருந்து வந்திருந்த எம் தமக்கையார் மகன் எம்முடன் வந்தான். அவனுக்குக் காரியாலய வேலை. எமக்குத் திருத்த வேண்டிய விடைத்தாட் கட்டு. இருவருக்கும் வேண்டியிருந்தவை ஒரு மேசை, இரண்டு நாற்காலி, இடையிடையே பருக ஏதேனுமொரு சூடான பானம் என்பனவே.

பழைய வழக்கம்

கோப்பிக் கடையில் அமர்ந்து தொழில் செய்வது இக்காலத்துப் புதுமை என்று பலர் எண்ணுவர். உண்மை அதுவன்று. கோப்பி அருந்தும் வழக்கம் 15ஆம் நூற்றாண்டில் யேமன் நாட்டுச் சூபி ஞானியரிடையே, இரவு வழிபாட்டின்போது உறக்கத்தை விலக்குதற்பொருட்டுப் பரவியது. 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் கொன்ஸ்தாந்திநோப்பிள் நகரிற் கோப்பிக் கடைகள் தோன்றின. 1652இல் இலண்டனில் முதற் கடை திறக்கப்பட்டது. ஒரு பென்னி கொடுத்தவன் அக்கடைகளிற் கோப்பி பருகலாம், புதினத்தாள் படிக்கலாம், கற்றோர் உரையாடலையும் இருந்து கேட்கலாம். அதனால் அவற்றைப் 'பென்னிப் பல்கலைக்கழகங்கள்' என்றனர். எட்வேட் லொயிட் என்பவர் 1680களில் நடத்திய கடையிற் கப்பற்றலைவரும் வணிகருங் கூடிக் கப்பற் காப்புறுதி பேசினர். இன்று உலகப் புகழ்பெற்று விளங்கும் லொயிட்ஸ் காப்புறுதிச் சந்தை அந்த மேசைகளிலிருந்து பிறந்ததேயாம். வியன்னா நகரிலோ, ஒரு கோப்பை கோப்பியுடன் ஒரு குவளை தண்ணீரும் வைத்து, வந்தவரை மணிக்கணக்காக இருக்கவிடுவர். அவ்வழக்கத்தை ஒஸ்திரியா 2011இல் தன் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்துக்கொண்டது. அயலிலுள்ள இந்தியாவில், வேலையிழந்த கோப்பிச் சபைத் தொழிலாளர் ஏ. கே. கோபாலன் அவர்களின் ஊக்கத்தினாற் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, 1957 முதல் 'இந்தியன் கோப்பி ஹவுஸ்' கடைகளைத் தாமே நடத்தி வருகின்றனர்.

நம் இலங்கையின் கதை சற்று வேறானது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மலைநாட்டின் பெரும்பயிர் கோப்பியே. தமிழகத்துத் தொழிலாளர் மன்னார் வழியாகக் காடு கடந்து, கால்நடையாய் மலையேறியது முதலிற் கோப்பி பறிப்பதற்கேயாம். 1869இல் இலைத்துரு நோய் தோன்றிற்று. ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் அப்பெருஞ் செல்வம் அழிந்தொழிந்தது. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையிற் பயிரிட்ட தேயிலை அதன் இடத்தைப் பற்றிக்கொண்டது. ஆகவே இந்நாட்டிற் கோப்பிக் கடையைத் தேடிச் செல்பவன், நகரங்களை விட்டு நீங்கினால், பெரும்பாலும் தேநீர்க் கடையிலேயே போய் அமர்வான். ஆலங்குடாவும் இதற்கு விலக்கன்று.

வழியும் ஊரும்

கொழும்பிலிருந்து நீர்கொழும்பு, சிலாபம் ஆகிய ஊர்களைக் கடந்து வடக்கே செல்லும் பெருவீதி, புத்தளம் நகரை அடையுமுன் பாலாவிச் சந்தியைத் தொடுகிறது. அங்கே பிரியும் வீதி ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தூரம் கற்பிட்டிக் குடாநாட்டின் முதுகெலும்புபோல் நீண்டு செல்கிறது. வலப்புறம் புத்தளம் களப்பு; இடப்புறம் இந்து சமுத்திரம்; நடுவே மணற்றரை. பாலாவிப் பக்கத்து உப்பளங்கள் வெண்பட்டு விரித்தாற்போலத் தோன்றும். அப்பாற் செல்லச் செல்ல வெங்காயமும் மிளகாயும் பீற்றூட்டும் விளையும் தோட்டங்கள். வெறும் மணலிற் கிணற்று நீரையே நம்பி இத்துணைப் பசுமையை விளைவித்திருக்கும் உழவரின் உழைப்பை வியவாதார் இலர்.

மாம்புரிப் பக்கத்திற் காற்றாலைகள் சுழலும். பின்னர் நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தின் உயர்ந்த புகைபோக்கி கண்ணிற்படும். 2011இல் முதற் பகுதி இயங்கத் தொடங்கி, 2014இல் முழுமைபெற்ற இந்நிலையத்தின் ஆற்றல் 900 மெகாவாற்று. அதற்கு வடக்கே சிறிது தூரத்தில் ஆலங்குடா. இன்னும் வடக்கே சென்றால் புனித அன்னம்மாள் ஆலயத்தாற் புகழ்பெற்ற தலவிலும், ஒல்லாந்தர் 17ஆம் நூற்றாண்டிற் கட்டிய கோட்டையையுடைய கற்பிட்டியும் வரும்.

இக்கரையின் வாழ்வு முழுவதையும் ஆள்வது காற்றேயாம். வைகாசி தொடங்கி ஐப்பசி வரை தென்மேற்குக் காற்று வீசும், கடல் கொந்தளிக்கும். அக்காலத்திற் கற்பிட்டிக் களப்பிற் பட்டத்தைக் காற்றிற் பறக்கவிட்டு, அது இழுக்க நீரிற் சறுக்கி விளையாடும் வெளிநாட்டார் வந்து கூடுவர். கார்த்திகை தொடங்கிச் சித்திரை வரை கடல் அமைதியுறும். அப்போதுதான் ஓங்கில் எனப்படும் டொல்பின் கூட்டங்களைக் காணப் படகுகள் புறப்படும். மின்நிலையத்துக்கான நிலக்கரிக் கப்பல்களும் அவ்வமைதிப் பருவத்தை நோக்கியே வந்து சரக்கிறக்கும். ஓராண்டுக்கு வேண்டிய கரியை அரையாண்டுக்குள் இறக்கிக் குவித்துக்கொள்ள வேண்டும். கரிக்கப்பலுக்கும் உல்லாசப் பிரயாணிக்கும் இங்கே ஒரே பஞ்சாங்கம்.

அயலாரை வரவேற்பது இக்கரைக்குப் புதிதன்று. மொறொக்கோ நாட்டுப் பிரயாணி இப்னு பதூதா 1344இல் 'பத்தாலா' என்னும் பட்டினத்தில் வந்திறங்கினார். அது புத்தளமே என்பது அறிஞர் பலர் கொள்கை. அங்கிருந்த ஆரியச் சக்கரவர்த்தி அவரை உபசரித்து, முத்துக்கள் அளித்து, பல்லக்கும் துணையாட்களுங் கொடுத்துச் சிவனொளிபாத மலைக்கு அனுப்பிவைத்ததை அவரே தம் பிரயாண நூலிற் கூறியுள்ளார்.

கடலோர மேசை

ஆலங்குடாவில் வேலைக்கு அமரத்தக்க இடங்கள் இருவகை. ஒன்று கடலோரத்து விடுதிகளின் மேசை. மற்றொன்று ஊர்வீதியின் தேநீர்க் கடை.

விடுதிகள் கண்ணுக்கினியவை. கிடுகு வேய்ந்த கூரை, சுவரில்லாத மண்டபம், காலடியில் மணல், எதிரே கரையில்லாக் கடல். இயந்திரத்தில் வடித்த கோப்பியும் சில இடங்களிற் கிடைக்கும். விலை ஊர்க் கடையினும் பன்மடங்கு. ஆயினும் மின்சாரச் செருகிகளும் இணையமும் அமைதியும் அவ்விலையில் அடங்கியுள்ளன என்று எண்ணிக்கொள்ளலாம். எம் மருமகனுக்கு இம்மேசை வேறொரு காரணத்தாலும் இன்றியமையாததாயிற்று. தை மாதத்திற் கனடாவின் கிழக்குப் பகுதி நம் நாட்டைவிடப் பத்தரை மணித்தியாலம் பின்தங்கியது. ரொறன்ரோவில் காலை ஒன்பது மணிக்குக் காரியாலயந் திறக்கும்போது ஆலங்குடாவில் இரவு ஏழரை மணி. ஆகவே அவனது கூட்டங்கள் யாவும் இரவுக் கூட்டங்கள். ஊர் உறங்கிய பின்னும் விளக்கெரியும் மேசை விடுதியில்தான் உண்டு.

பகற்பொழுதில் அந்த மேசைக்குக் குறைகளும் உள. கடற்கரை மேற்கு நோக்கியது. பிற்பகல் மூன்று மணிக்குமேற் சூரியன் நேரே முகத்தில் விழும். கணினித் திரையில் ஓரெழுத்துந் தெரியாது. உப்புக் காற்றும் நுண்மணலும் விசைப்பலகையிற் புகும். எம் விடைத்தாள்களோ காற்றிற் பறக்கலாயின. ஒவ்வொன்றின் மேலும் ஒரு சங்கோ சிப்பியோ வைத்துத் திருத்த நேர்ந்தது. "மாமா, மாணவருக்கு முத்து வைத்துப் புள்ளி போடுகிறீர்களா?" என்று மருமகன் நகைத்தான்.

ஊர்வீதித் தேநீர்க் கடை

இரண்டாம் நாட் காலை நாம் ஊருக்குள் நடந்தோம். தகரக் கூரை, மரத்தாலான நீண்ட வாங்கு, கண்ணாடிப் பெட்டிக்குள் வடையும் றோல்சும் பணிசும், கொதிக்கும் நீர்ப்பாத்திரம். இத்தகைய கடையை இலங்கையின் எவ்வூரிலுங் காணலாம். நூல்கள் தேநீர் என்று எழுதுவதை ஊரார் தேத்தண்ணி என்பர். பால்மாவிட்ட தேத்தண்ணியை உயரத்திலிருந்து இழுத்தாற்றி நுரையெழ வைப்பர். பாலில்லாததை இஞ்சி தட்டிப்போட்டுப் 'பிளேன்ரீ' என்று தருவர். கோப்பி கேட்டால், வேர்க்கொம்பும் மல்லியும் சேர்த்து இடித்த தூளிற் காரமாக ஊற்றிக் கொடுப்பர். இயந்திரக் கோப்பியிற் பழகிய மருமகன் முதல் மிடற்றில் முகஞ் சுளித்தான். மூன்றாம் நாள் அதனையே கேட்டு வாங்கினான்.

தொழில் செய்வோர்க்கு இக்கடை ஏற்றதா? ஏற்றதே, ஆனாற் கடைக்கு அதன் நேரங்கள் உண்டு. விடியற்காலையிற் கடலிலிருந்து மீண்ட மீனவரும் தோட்டத்துக்குப் புறப்படும் உழவரும் வாங்குகளை நிறைப்பர். அப்போது நாம் ஓரிடத்தைப் பிடித்துக்கொண்டு தாள் விரிப்பது முறையன்று. ஒன்பது மணிக்குமேற் கடை ஓயும். நண்பகல் வரை அமைதியாயிருக்கும். அந்த மூன்று மணித்தியாலத்தில் நாம் திருத்திய தாள்கள் வீட்டில் ஒரு நாள் முழுதும் திருத்துபவற்றினும் அதிகம். மனிதர் பேச்சு மெல்ல ஒலிக்கும் இடத்தில் மனம் ஒருமுகப்படுவது ஒரு விந்தை. முற்றான மௌனம் சிலவேளை மனத்தை அலைய விடும். அளவான அரவம் அதனைக் கட்டி நிறுத்தும்.

வந்தோர் கதை

மூன்றாம் நாள் கடைக்காரரிடம், "நானா, நாங்கள் நெடுநேரம் இருக்கிறோம், உங்கள் வியாபாரத்துக்கு இடைஞ்சல் இல்லையா?" என்று கேட்டோம். அவர் குவளைகளைக் கழுவியபடியே சொன்ன மறுமொழி எம் நெஞ்சை விட்டகலாதது:

"நாங்களும் ஒரு காலம் வந்தாக்கள்தான், சேர். அண்டைக்கு எங்கள இருங்கோ எண்டு சொன்ன கடை இது. அதால இங்க வந்து இருக்கிற ஆரையும் நான் எழும்பச் சொல்றதில்ல."

அவர் மன்னாரிற் பிறந்தவர். 1990ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் வட மாகாணத்து முஸ்லிம் மக்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் தம் ஊர்களை விட்டு வெளியேறும்படி கட்டளையிட்டனர். யாழ்ப்பாண நகரத்தாருக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். வீடும் வயலும் கடையும் நகையும் விட்டு, ஏறத்தாழ 75,000 மக்கள் புறப்பட்டனர். மன்னார்த் தீவினர் பலர் படகேறிக் கடல்வழியே கற்பிட்டியை அடைந்தனர். அவர்களிற் பெரும்பாலார் புத்தளம் மாவட்டத்தில் ஒதுங்கினர். ஆலங்குடாவிலும் ஓலைக் குடிசை முகாம்கள் எழுந்தன. கடைக்காரர் அப்போது ஒன்பது வயதுச் சிறுவர். இந்தக் கடையை அன்று நடத்திய உள்ளூர்ப் பெரியவர் அவர் தந்தையாரை அழைத்து இருத்தித் தேநீர் கொடுத்தாராம். பின்னர் மகனுக்குக் குவளை கழுவும் வேலையுங் கொடுத்தாராம்.

தமிழ் பேசும் மக்களைத் தமிழ் பேசும் மக்களே துரத்தியது நம் வரலாற்றின் ஆறாப் புண். இதனைத் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியராகிய நாம் மறைத்தல் தகாது. வந்தோரை ஏற்ற ஊராருக்கும் இடர் இருந்தது. கிணற்று நீரும் பாடசாலை வாங்கும் கூலிவேலையும் பகிர்ந்துகொள்ள வேண்டியதாயிற்று. மனக்கசப்புகளும் இல்லாமற் போகவில்லை. 2009இற் போர் முடிந்தபின் ஒருசாரார் பிறந்த ஊருக்கு மீண்டனர். பலர் பிள்ளைகள் பிறந்து வளர்ந்த இவ்வூரையே தம்மூராக்கிக் கொண்டனர்.

இதனைக் கேட்டபின் 'அயலூரில் இருந்து வேலை செய்தல்' என்னுந் தொடர் எமக்கு வேறு பொருள் தரலாயிற்று. மடிக்கணினியோடு வருபவன் தானே விரும்பி ஊர்விட்டு வருகிறான். சலித்தால் திரும்பிச் செல்கிறான். இக்கடை வாங்கில் முதன்முதல் அமர்ந்தவர்களோ திரும்பிச் செல்ல வழியில்லாதிருந்தவர்கள். இருவருக்கும் ஒரே வாங்கு, ஒரே உபசாரம்.

கடைக்காரருக்கு ஒரு குறையுண்டு. "கடற்கரைக்கு வாறாக்கள் எல்லாரும் இந்த றோட்டாலதான் போறாங்க, சேர். இறங்கி ஒரு தேத்தண்ணி குடிக்கிறாங்க இல்ல" என்றார். அது மெய்யே. வான் வண்டியிற் பாலாவியிலிருந்து நேரே விடுதிக்குச் சென்று, நேரே திரும்புவோர் மிகப் பலர். பருவம் மாறிக் கடற்கரை ஆளொழிந்த பின்னும் ஆண்டு முழுவதும் அடுப்பெரிக்கும் கடைக்கு அவர்கள் பணத்தில் ஒரு காசுஞ் சேர்வதில்லை.

இடந் தேடுவோர் அறிய வேண்டியவை

இவ்வாறு வெளியூரில் இருந்து தொழில் செய்ய விரும்பும் இளைஞர்க்கும் மாணவர்க்கும் நாம் கண்டறிந்த சிலவற்றைக் கூறுவோம்.

முதலாவது, மின்சாரத்தை நம்பித் தனியே இருத்தலாகாது. 2022இல் நாடெங்கும் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை நாமறிவோம். 2025 பெப்ரவரி 9ஆந் திகதி பாணந்துறை உபமின்நிலையத்திற் குரங்கொன்று புகுந்ததால் இலங்கை முழுவதும் இருளில் ஆழ்ந்தது. நுரைச்சோலை இயந்திரங்களும் நின்றன. மின்நிலையத்தின் நிழலிற் குடியிருந்தாலும் மின்கலத்தை நிரப்பி வைத்துக்கொள்வதே அறிவுடைமை.

இரண்டாவது, இணையத்துக்குக் கடையை எதிர்பாராது, தொலைபேசியிற் சொந்தத் தொடர்பு வைத்துக்கொள்ளல் வேண்டும். கூட்டம் நடைபெறும் அதே நேரத்தில், அதே இடத்திலிருந்து முதல்நாளே பேசிப் பார்த்துக்கொள்க. காலையில் விரைவாகக் கிடைக்குந் தொடர்பு, ஊரார் அனைவரும் தொலைபேசியைத் திறக்கும் இரவில் அவ்வாறு கிடைப்பதில்லை.

மூன்றாவது, ஊரின் நாட்காட்டியை அறிந்து செல்க. வெள்ளிக்கிழமை நண்பகலில் ஜும்ஆத் தொழுகைக்காகக் கடைகள் சாத்தப்படும். நோன்பு மாதத்திற் பகலிற் தேநீர்க் கடை பெரும்பாலும் இயங்காது. மாலை நோன்பு திறந்தபின் கடைத்தெரு புத்துயிர் பெறும். இதனை இடையூறாக எண்ணாது, தன் வேலை நேரத்தை அதற்கேற்ப அமைத்துக்கொள்பவனே நல்ல விருந்தாளி.

நான்காவது, இருக்கைக்கு விலையுண்டு என்பதை மறவாதிருத்தல். ஒரு குவளை தேநீருக்கு மூன்று மணித்தியால இடம் என்பது கணக்குக்கு ஒவ்வாது. மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஏதேனும் வாங்குக. மதிய உணவையும் ஊரிலேயே உண்ணுக. கூட்டம் வந்தால் எழுந்து இடங் கொடுக்குக. மின்செருகியைக் கேட்டுப் பயன்படுத்துக. தொலைபேசியிற் பேசுவோர் வெளியே சென்று பேசுக. கடற்கரை உடையோடு ஊர்வீதியில் நடத்தல் தகாது. பிறர் முகத்தை அனுமதியின்றிப் படம் பிடித்தல் அதனினும் தகாது.

இவற்றையெல்லாம் கைக்கொண்டால் நல்ல கடை எது என்னுங் கேள்விக்கு விடை எளிதாகும். நாற்காலியின் மென்மையோ, கோப்பியின் நுரையோ, சுவரிலுள்ள சித்திரமோ அதனை நிச்சயிப்பதில்லை. வந்தவனை அயலான் என்று ஒதுக்காத கடை நல்ல கடை; இருந்து சென்றபின் "மீண்டும் வரட்டும்" என்று கடைக்காரரை எண்ணச் செய்யும் வாடிக்கையாளன் நல்ல வாடிக்கையாளன். இலண்டனிலும் வியன்னாவிலும் இவ்விருவருஞ் சேர்ந்தே கோப்பிக் கடை மரபை வளர்த்தனர். ஆலங்குடாவிலும் அம்மரபு தகரக் கூரையின்கீழ் வாழ்கிறது.

விடுமுறையிற் கற்பிட்டிப் பக்கம் செல்லும் குடும்பத்தினர் டொல்பினையும் கோட்டையையும் கண்டு மகிழட்டும். வெளிநாட்டிலிருந்து வரும் நம் பிள்ளைகள் கணினியைத் திறந்து தொழிலையும் பார்க்கட்டும். ஆனாற் போகும் வழியில் ஒருமுறையேனும் வண்டியை நிறுத்தி, ஊர்வீதிக் கடையிற் தேத்தண்ணி வாங்கி, கடைக்காரர் எவ்வூரவர் என்று அன்போடு வினவட்டும். அக்குவளைக்குக் கொடுக்கும் காசு, கடற்கரையில் ஆளில்லாத மாதங்களிலும் அந்த அடுப்பு எரிவதற்கு உதவும்.